வேலை கொடுத்தால் போதுமா? வழி காட்ட வேண்டாமா?

கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு ஒரு கேள்வி

தரமணியில் தொடங்கி சிறுசேரி வரை கண்ணாடி மாளிகைகள் வரிசையாக நிற்கின்றன. ராஜீவ் காந்தி சாலை என்று போர்டு சொல்லும். ஜனங்கள் சொல்வது ஓ.எம்.ஆர்.! 2000-ம் ஆண்டில் டைடல் பார்க் திறந்த பிறகு இந்த ரோட்டின் தலையெழுத்தே மாறி விட்டது.

அந்த மாளிகைகளுக்குள் தினமும் யாராவது ஒரு வாலிபர், யாராவது ஒரு இளம்பெண் புதிதாக வேலைக்குச் சேருகிறார்கள். கழுத்தில் அடையாள அட்டை. தோளில் கம்பெனி பெயர் போட்ட புதுப் பை. ஊரில் அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்திருப்பார்.

ஒரு மாதம் கழித்து அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

"கூட இருக்கிறவங்க தங்கமானவங்க. ஆனா என்ன வேலை, அதை எப்படிச் செய்யணும்னு கம்பெனி ஒழுங்கா சொல்லித் தரலை" என்பார்கள்.

இந்தப் பதிலை நான் பல வருடங்களாகக் கேட்டு வருகிறேன். இதில் முதல் பாதியைக் கேட்டு மானேஜர்கள் மகிழ்ந்து போகிறார்கள். இரண்டாவது பாதியைக் காதில் போட்டுக் கொள்வது இல்லை. கோளாறு அங்கேதான் இருக்கிறது.

முதல் நாள் கூத்து

முதல் நாள் என்ன நடக்கிறது?

குளுகுளு அறையில் உட்கார வைப்பார்கள். கம்பெனி எத்தனை நாடுகளில் இருக்கிறது என்று படம் காட்டுவார்கள். பேனா, டைரி, தண்ணீர் பாட்டில், டி-ஷர்ட் கொடுப்பார்கள். பெரிய அதிகாரி வந்து "நாம் எல்லோரும் ஒரே குடும்பம்" என்பார். கைதட்டல். மதியம் பிரியாணி.

மறுநாள்? குடும்பத்தில் யாரும் கண்ணில் பட மாட்டார்கள்!

லேப்டாப் வந்திருக்காது. வந்தால் பாஸ்வேர்டு வேலை செய்யாது. பாஸ்வேர்டு கிடைத்தால், புரோகிராம் இருக்கும் இடத்துக்குப் போக அனுமதி இருக்காது. அந்த அனுமதிக்கு ஒரு மனு. மனு போட இன்னொரு அனுமதி. தாலுகா ஆபீசில் பட்டா மாற்றக் காத்திருப்பவர் கதைதான்! ஒரே வித்தியாசம், இங்கே ஏ.சி. உண்டு.

"அதுவரை இந்த டாக்குமெண்டைப் படிச்சிட்டு இருங்க" என்பார் மானேஜர். அந்த டாக்குமெண்டை எழுதியவர் கம்பெனியை விட்டுப் போய் பல வருடம் ஆகியிருக்கும்.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல என்று சொல்வார்கள். இங்கே கட்டிய துணியில் கம்பெனியின் சின்னம் இருக்கிறது. அவ்வளவுதான்.

என் கதை

நானும் இந்தத் தொழிலில் இருப்பவன்தான். 9 வருட அனுபவத்துக்குப் பிறகு ஒரு கம்பெனியில் இருந்து இன்னொரு கம்பெனிக்கு மாறினேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். பெயரை மாற்றிப் போட்டாலும் கதை பொருந்தும்.

வெளிநாட்டு இன்சூரன்சு கம்பெனி ஒன்றுக்குப் பிரீமியம் கணக்குப் போடும் புரோகிராம். எழுதத் தொடங்கி 20 வருடத்துக்கு மேல் ஆகிறது. எத்தனையோ பேர் கை வைத்த பாத்திரம். ஒரு இடத்தில் ஆணியைப் பிடுங்கினால் வேறு எங்கோ கூரை ஒழுகும்.

திங்கட்கிழமை சேர்ந்தேன். லேப்டாப் வியாழக்கிழமை வந்தது. புரோகிராமை என் கம்ப்யூட்டரில் ஓட வைக்கவே 11 நாள் பிடித்தது. அதற்கு என்னென்ன வேண்டும் என்று எழுதி வைத்த காகிதத்தில் 14 படிகள். அதில் 5 படிகள் காலாவதியானவை. "சந்தேகம் இருந்தால் இவரைக் கேளுங்கள்" என்று 3 பெயர்கள் இருந்தன. மூன்று பேருமே வேலையை விட்டுப் போனவர்கள்!

என் மானேஜரை நேரில் பார்த்தது இரண்டாவது வாரம். "செட்டில் ஆயிட்டீங்களா?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் அடுத்த மீட்டிங்குக்குப் போய் விட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. அவர் தலையில் 3 புராஜெக்டுகள்.

தெய்வம் போல வந்தார்கள்

பிறகு நான் எப்படித் தேறினேன்? பக்கத்து சீட்டுக்காரர்களால்!

தாம்பரத்தில் இருந்து வரும் ஒரு அக்கா. இரண்டு குழந்தைகளின் தாய். என் முகத்தைப் பார்த்தே புரிந்து கொண்டார். "தம்பி, டீ குடிக்க வா" என்றார். கேன்டீன் மேஜையில் ஒரு தாளை விரித்தார். பணம் எங்கே உள்ளே வருகிறது, எங்கே கணக்காகிறது, எங்கே ரசீதாகிறது என்று படம் போட்டார். 20 நிமிடம்தான். 2 வாரம் படித்துப் புரியாதது அப்போது புரிந்தது.

"இந்தப் பக்கம் மட்டும் கை வச்சிடாத தம்பி. மாசக் கடைசில இதைத் தொட்டா மொத்தமும் நின்னுடும்" என்று ஒரு மூலையில் வட்டம் போட்டுக் காட்டினார். அது எந்த டாக்குமெண்டிலும் இல்லை!

கோயம்புத்தூர்க்காரர் ஒருவர். எதைக் கேட்டாலும் "ஏனுங்க, இதுக்குப் போயி இத்தனை யோசனையா? வாங்க, பாத்துக்கலாம்" என்பார். 14 படிக் காகிதத்தைத் தூக்கி வைத்து விட்டு, தான் எழுதி வைத்திருந்த சொந்தக் குறிப்பைக் கொடுத்தார்.

இரவு ஷிப்டில் இருந்த ஒரு அண்ணன், இரவு 11 மணிக்குக் கூட போனை எடுத்தார். "இதைக் கூடவா கேட்கிறாய்?" என்று ஒரு நாளும் சொன்னது இல்லை.

இவர்களில் யாருக்கும் எனக்குச் சொல்லித் தர வேண்டும் என்ற உத்தரவு கிடையாது. ஒரு ரூபாய் கூடுதல் சம்பளமும் கிடையாது. மனசு இருந்தது. செய்தார்கள்.

நல்ல மனசுக்குத் தண்டனை

இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

வருடக் கடைசியில் மார்க் போட்டார்கள். எனக்கு நல்ல மார்க். "சீக்கிரம் கற்றுக் கொண்டார்" என்று பாராட்டு. அந்த அக்காவுக்கு? ஒரு படி குறைவு!

காரணம் என்ன தெரியுமா? அந்த மூன்று மாதத்தில் அவர் முடித்த வேலைகளின் எண்ணிக்கை குறைந்து விட்டதாம். என்னோடும், எனக்குப் பின்னால் சேர்ந்த இரண்டு பேரோடும் அவர் செலவழித்த மணிக்கணக்கு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அதற்குக் கம்ப்யூட்டரில் கட்டமே கிடையாது!

"விடு தம்பி. உனக்குச் சொல்லிக் குடுத்ததுக்கா வருத்தப்படுவேன்?" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது.

வீட்டில் கூரை ஒழுகுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் குடை பிடிக்கிறார். வீட்டுக்காரர் என்ன சொல்கிறார்? "நம்ம தெருவில் எல்லோரும் நல்லவர்கள். கூரையை மாற்ற வேண்டியது இல்லை!"

நல்ல சகாக்கள் கிடைப்பது பாக்கியம். ஆனால் ஒரு கம்பெனி பாக்கியத்தை நம்பி நடக்கலாமா?

அழுகிற பிள்ளைகள்

9 வருட அனுபவம் உள்ளவனுக்கே இந்தக் கதி. காலேஜை முடித்து நேராக வந்த பிள்ளையின் நிலைமை?

பெரிய கம்பெனிகள் புதியவர்களுக்குப் பல வாரம், பல மாதம் பயிற்சி கொடுப்பது உண்மை. மைசூரில் இன்போசிஸ் கம்பெனி அதற்காக ஒரு ஊரையே கட்டி வைத்திருக்கிறது. அதை மறுக்கவில்லை. ஆனால் பயிற்சி வேறு, பழக்கி விடுவது வேறு. நீச்சல் குளத்தில் கற்றுக் கொடுத்து விட்டு, ஐப்பசி மாதத்துக் கடலில் தள்ளினால் என்ன ஆகும்?

பயிற்சியில் புத்தம் புதிய சின்னப் புரோகிராம். வேலையிலோ லட்சக்கணக்கான வரிகள் கொண்ட பழைய புரோகிராம். அதற்குள் நுழையும் வாசலை யார் காட்டுவது?

தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்து வந்த பெண். துரைப்பாக்கத்தில் ஹாஸ்டல் வாசம். கல்விக் கடன் பாக்கி. 6 மாதம் புரொபேஷன். அதற்குள் தேறாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கேள்வி கேட்டால் "இது கூடத் தெரியாதா" என்று நினைப்பார்களோ என்ற பயம். கேட்காமலே உட்கார்ந்து இருந்தார். "மந்தம்" என்று எழுதி விட்டார்கள்!

"எனக்கு மூளை இல்லையோன்னு தோணுதுண்ணா" என்று என்னிடம் சொன்னபோது அந்தப் பெண்ணின் குரல் உடைந்து விட்டது. பள்ளிக்கூடத்தில் முதல் ரேங்க் வாங்கியவர்.

மூளை இருக்கிறது. வழிதான் காட்டப்படவில்லை.

2020-ம் ஆண்டு மார்ச் மாத ஊரடங்குக்குப் பிறகு இது இன்னும் மோசமாகி விட்டது. வீட்டில் இருந்தே வேலை. லேப்டாப் கூரியரில் வந்தது. சகாக்களின் முகத்தையே பார்க்காமல் வேலைக்குச் சேர்ந்து, வேலையை விட்டவர்களும் உண்டு. வாரத்தில் சில நாள் மட்டும் ஆபீசுக்கு வரும் வழக்கம் பல இடங்களில் நிலைத்து விட்டது. பக்கத்து சீட் காலியாக இருந்தால் "தம்பி, டீ குடிக்க வா" என்று யார் கூப்பிடுவார்?

ரெயில் டிரைவரைப் பாருங்கள்

மற்ற தொழில்களில் எப்படி என்று பார்ப்போம்.

ரெயில் டிரைவருக்கு என்ஜினை ஓட்டத் தெரியும். பரீட்சை எழுதிப் பாஸ் செய்தவர். ஆனாலும் தனக்குப் பழக்கம் இல்லாத பாதையில் அவரைத் தனியாக ஓட்ட விட மாட்டார்கள். அந்தப் பாதையில் முதலில் சில நடை, இரவு நடை உள்பட, கூடவே போய்ப் பழக வேண்டும். சிக்னல் எங்கே, வளைவு எங்கே, லெவல் கிராசிங் எங்கே என்று மனதில் பதிய வேண்டும். "பாதை எனக்குத் தெரியும்" என்று கையெழுத்துப் போட வேண்டும். நீண்ட நாள் அந்தப் பக்கம் போகாமல் இருந்தால் மறுபடியும் பழக வேண்டும்.

என்ஜின் ஓட்டத் தெரிவது ஒன்று. பாதை தெரிவது இன்னொன்று. ரெயில்வே இதைப் புரிந்து வைத்திருக்கிறது!

ஆஸ்பத்திரியில் டியூட்டி மாறும்போது நர்சுகள் என்ன செய்கிறார்கள்? இந்த நோயாளிக்கு இந்த மருந்து, அந்த நோயாளிக்கு இரவு காய்ச்சல் என்று சொல்லி ஒப்படைத்து விட்டுத்தான் போவார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறைக்குப் போங்கள். புதுப் பையன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், அந்த மெஷினின் குணத்தைச் சொல்லிக் கொடுக்காமல் தனியாக விட மாட்டார் மேஸ்திரி.

கோடி கோடியாகப் பணம் புரளும் கம்ப்யூட்டர் தொழிலுக்கு மட்டும் இது ஏன் தெரியவில்லை?

பெரியவர்கள் அன்றே சொன்னார்கள்

தெரியாமல் இல்லை. அரை நூற்றாண்டுக்கு முன்பே சொல்லி விட்டார்கள்.

அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனியின் பிரமாண்டமான கம்ப்யூட்டர் திட்டம் ஒன்றை 1960-களில் நடத்தியவர் பிரெடெரிக் புரூக்ஸ். அந்த அனுபவத்தை 1975-ல் புத்தகமாக எழுதினார். தாமதமாகிற புராஜெக்டில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று அதில் சொன்னார்.

எப்படி என்கிறீர்களா? புதியவருக்கு உடனே வேலை தெரியாது. சொல்லித் தர வேண்டியவர் ஏற்கனவே வேலை பார்ப்பவர். அவர் வேலை நிற்கும். தவிர, 5 பேர் இருந்தால் ஒருவருக்கு ஒருவர் பேசிக் கொள்ள 10 ஜோடி. 10 பேர் ஆனால் 45 ஜோடி! கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அதாவது, சொல்லித் தருவதற்கு நேரம் ஆகும், அந்த நேரத்துக்கு விலை உண்டு என்பது 1975-லேயே தெரிந்த விஷயம். நம் கம்பெனிகள் அந்த விலையை அக்காக்கள், அண்ணன்களின் சட்டைப் பையில் இருந்து எடுக்கின்றன.

டென்மார்க் நாட்டு விஞ்ஞானி பீட்டர் நவுர் 1985-ல் இன்னொன்று சொன்னார். ஒரு புரோகிராமின் உயிர் காகிதத்தில் இல்லை, அதை எழுதியவர்களின் மனதில் இருக்கிறது, அவர்கள் கலைந்து போனால் புரோகிராமும் செத்த மாதிரிதான் என்றார். பழையவர்களோடு சேர்ந்து வேலை செய்தால்தான் புதியவருக்கு அது கைக்கு வரும் என்பது அவர் கருத்து. கேன்டீன் மேஜையில் அக்கா போட்ட படத்தின் அருமை இப்போது புரிகிறதா?

பழைய புரோகிராமின் ரகசியம் மறந்து போனால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2012-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந்தேதிக்குள், அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வியாபாரக் கம்பெனி 8 கம்ப்யூட்டர்களில் புதிய புரோகிராமை ஏற்ற வேண்டி இருந்தது. ஏழில் ஏற்றினார்கள். ஒன்று விட்டுப் போனது. அதில் பல வருடமாகப் பயன்படாமல் தூங்கிக் கொண்டிருந்த பழைய புரோகிராம் விழித்துக் கொண்டது! கண்டபடி பங்குகளை வாங்கித் தள்ளியது. முக்கால் மணி நேரத்தில் நஷ்டம் 40 கோடி டாலருக்கும் மேல்!

ஏற்றிய வேலையை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று எழுதி வைத்த விதிமுறை அங்கே இல்லை என்று பின்னர் விசாரணையில் தெரிந்தது. எழுதி வைக்காததன் விலை அது!

எதிர்க்கட்சி வாதம்

மானேஜர்கள் சும்மா இருப்பார்களா? இரண்டு வாதம் சொல்வார்கள்.

"இந்தக் காலத்துப் பசங்க வருஷத்துக்கு ஒரு கம்பெனி தாவுறாங்க. சொல்லிக் கொடுத்து என்ன லாபம்?"

ஐயா, தாவுகிறார்கள் என்பது உண்மைதான். ஏன் தாவுகிறார்கள்? சம்பளம் ஒரு காரணம். முதல் மூன்று மாதத்தில் பட்ட அவமானமும் ஒரு காரணம். வந்த விருந்தாளிக்கு வாசலில் தண்ணீர் கொடுக்காத வீட்டில் யார் தங்குவார்கள்? தவிர, ஆள் மாறிக் கொண்டே இருக்கிற வீட்டில்தான் சாவி எங்கே இருக்கிறது என்று எழுதி வைப்பது அதிக அவசியம்!

"நாங்க எல்லாம் சேர்ந்தப்ப யார் சொல்லிக் கொடுத்தாங்க? நாங்களே கத்துக்கலையா?"

கற்றுக் கொண்டீர்கள். அப்போது புரோகிராம் சின்னதாக இருந்தது. எழுதியவர் எதிர் மேஜையில் இருந்தார். இப்போது புரோகிராம் மலையாக வளர்ந்து விட்டது. எழுதியவர் எங்கோ அமெரிக்காவில் இருக்கிறார். மாமியார் பட்ட கஷ்டத்தை மருமகளும் படட்டும் என்பது நிர்வாகம் ஆகாது.

என்ன செய்யலாம்?

குறை சொன்னால் போதாது. வழியும் சொல்ல வேண்டும். இதற்குக் கோடிகள் தேவை இல்லை.

ஒன்று: ஆளை எடுப்பது பல வாரம் முன்பே தெரியும். முதல் நாள் காலையில் லேப்டாப், பாஸ்வேர்டு, அனுமதிகள் எல்லாம் மேஜையில் தயாராக இருக்க வேண்டும். கல்யாணத் தேதியைக் குறித்து விட்டு, தாலி வாங்க மறந்தேன் என்று சொல்வது உண்டா?

இரண்டு: புதியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு துணைவர். பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். அவருடைய சொந்த வேலையில் அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும். முதல் மாதத்தில் தினமும் ஒரு மணி நேரமாவது.

மூன்று: சொல்லித் தருவதற்கு மார்க் கொடுக்க வேண்டும். வருடக் கடைசியில் "எத்தனை வேலை முடித்தாய்" என்று மட்டும் கேட்காதீர்கள். "எத்தனை பேரை ஆளாக்கினாய்" என்றும் கேளுங்கள்.

நான்கு: வழிகாட்டும் காகிதம் உயிரோடு இருக்க வேண்டும். அதற்கு ஒரு சுலப வழி. புதியவர் அதைப் படித்து, எங்கே இடித்தது என்று திருத்தி வைக்கட்டும். அடுத்து வருபவருக்கு அந்த இடத்தில் இடிக்காது.

ஐந்து: வேலையை விட்டுப் போகிறவருக்குப் பல கம்பெனிகளில் 2 மாதம், 3 மாதம் நோட்டீஸ் காலம் உண்டு. அதில் கடைசி 4 நாளில் அவசர அவசரமாக "நாலெட்ஜ் டிரான்ஸ்பர்" நடத்தாதீர்கள். முதல் வாரமே தொடங்குங்கள். கேட்டுக் கொண்டவர் திருப்பிச் சொல்லிக் காட்டட்டும்.

ஆறு: முதல் வாரமே ஒரு சின்ன, உண்மையான வேலை. கடைசி வரை அதை அவரே முடிக்கட்டும். பாதை முழுவதும் ஒரு தடவை நடந்து பார்த்த மாதிரி ஆகும். அது தரும் தெம்பை எந்த டி-ஷர்ட்டும் தராது.

ஏழு: ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம் முடிந்ததும் மானேஜர் உட்கார்ந்து பேச வேண்டும். "செட்டில் ஆயிட்டீங்களா?" என்பது கேள்வி ஆகாது. "எங்கே சிக்கல்?" என்பதுதான் கேள்வி. பதில் வரும்வரை எழுந்து போகக் கூடாது!

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

புதிதாகச் சேரும் தம்பி, தங்கைகளே!

ஒரு நோட்டு வாங்குங்கள். தெரியாததை எழுதுங்கள். அரை மணி நேரம் நீங்களே முயன்று பாருங்கள். வரவில்லை என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள். என்ன முயன்றீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒருமுறை கேட்டதை எழுதி வையுங்கள். சொல்லித் தந்தவருக்கு இரண்டாவது முறை வேலை வைக்காதீர்கள்.

முதல் மாதம் ஒன்றும் புரியவில்லை என்றால் நீங்கள் மக்கு என்று அர்த்தம் இல்லை. புரியாத இடம் அது.

உங்களுக்கு உதவியவரின் பெயரை மானேஜருக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். வாயால் சொன்ன நன்றி டீக்கடையோடு போய் விடும். எழுதிய நன்றி மார்க் போடும் நாளில் மேஜைக்கு வரும். நானும் அப்படி ஒரு கடிதம் எழுதினேன். அந்த அக்காவுக்கு அடுத்த வருடம் ஒரு படி கூடுதலாகக் கிடைத்தது. என் கடிதத்தால்தானா என்று கேட்டால், தெரியாது. எழுதியதில் நஷ்டம் இல்லை.

கம்பெனிகளுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. உங்கள் ஆபீசில் நல்லவர்கள் இருக்கிறார்கள். அது உங்கள் சாமர்த்தியம் அல்ல, அவர்களைப் பெற்றவர்கள் வளர்த்த விதம். அந்த நல்ல மனசை இலவசமாக உறிஞ்சிக் கொண்டே இருந்தால் ஒரு நாள் அதுவும் வற்றும். சொல்லித் தந்தவர்களுக்கே மார்க் குறைந்தால், நாளைக்குச் சொல்லித் தர யார் இருப்பார்?

ஆள் எடுக்க லட்சம் செலவு செய்கிறீர்கள். அவரை ஆளாக்கத் தினம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்!